வாசகர் கேள்வி-பதில்: மரம் ஏத்தின கரையில டென்ட் அடிக்கலாமா?

போன இதழ்ல கொட்டியாரக்குடா பத்தி நாலு வரி போட்டிருந்தம், ஒரு காலத்தில காட்டு மரம் கப்பல் ஏறின கரை, இப்ப லீவு வந்தா பெடியள் டென்ட் அடிக்கிற கரை எண்டு. அவ்வளவுதான் எழுதினது, அதுக்குக் கேள்வி வந்து குவிஞ்சிட்டுது. திருகோணமலைக் கரை முழுக்க, புல்மோட்டைப் பக்கம் தொட்டு வெருகல் பக்கம் வரைக்கும் ஆக்கள் கேட்டிருக்கிறீங்க. ஏலுமானதுக்குப் பதில் கீழ இருக்கு.

கேள்வி: எங்கட மூத்தவாப்பா சின்ன வயசில சொல்லுவார், காட்டில வெட்டின மரமெல்லாம் கங்கையால மிதந்து வந்து கொட்டியாரத்தில கப்பல் ஏறும் எண்டு. இது மெய்தானா, இல்லாட்டி பிள்ளைகளை நித்திரையாக்கச் சொன்ன கதையா? உண்மை எண்டா ஏன் நிண்டு போச்சு?
— ஒரு வாசகர், மூதூர்

பதில்: மெய்தான் நானா. மூத்தவாப்பா கதை விடேல்ல. இந்த மாவட்டத்தின்ர அமைப்பை ஒருக்கா நினைச்சுப் பாருங்க, மூண்டு பக்கமும் வறண்ட வலயக் காடு, அந்தக் காட்டுக்குள்ள முதிரை, பாலை, கருங்காலி, சவண்டலை எண்டு விலை போற மரமெல்லாம் நிண்டது, நடுவால மகாவலி கங்கை 335 கிலோமீற்றர் ஓடி வந்து கடைசியா கொட்டியாரக்குடாவில தான் விழுது, குடாவுக்கு அங்கால எந்தக் காத்துக்கும் அசையாத ஆழமான துறைமுகம். ரோட்டு இல்லாத காலத்தில மரத்தை இழுக்க யானையும் மாடும் இருந்தாலும் தூரத்துக்கு ஆறு தான் ரோட்டு. தெப்பமாக் கட்டி விட்டா வெள்ளம் கொண்டு வந்து சேர்க்கும். ஆனா எல்லா மரமும் மிதக்காது, அதையும் சொல்லணும். கருங்காலியும் பாலையும் தண்ணியை விடக் கனம், தனிய விட்டா நேர அடிக்குப் போயிடும், லேசான மரத்தோட சேர்த்துக் கட்டினாத்தான் வரும். அதனால கங்கை அடியில இப்பவும் மரம் கிடக்கு எண்டு உங்கட ஊர்ப் பெரியாக்கள் சொன்னா சிரிச்சிட்டுப் போகாதீங்க.

துறைமுகத்தின்ர பெறுமதி அப்ப பாய்க்கப்பல்காரனுக்குத் தான் தெரியும். ஒக்டோபர் தொடங்கி வாடை அடிக்கேக்க இந்தியாவின்ர கிழக்குக் கரையில பெரிய கப்பல் ஒதுங்க ஒரு நல்ல இடம் இல்ல. அந்த நேரம் ஒதுங்கக்கூடிய இடம் திருகோணமலை. 1782ல பிரெஞ்சுக்காரன் இங்கிலீஷ்காரனிட்ட இருந்து பிடிச்சதும், 1795ல இங்கிலீஷ்காரன் ஒல்லாந்தரிட்ட இருந்து பிடிச்சதும் கோயில் கும்பிடவோ கடல் பார்க்கவோ இல்ல. அடிபட்டு வாற கப்பலை ஒதுக்கி, பாய்மரம் மாத்தி, பலகை போட்டு அனுப்பணும். துறைமுகமும் மரமும் பக்கத்துப் பக்கத்தில இருந்தது அவங்களுக்கு லொத்தர் விழுந்த மாதிரி.

ஏன் நிண்டது எண்டு கேட்டா ஒரு காரணம் இல்ல. கப்பல் இரும்பாச்சு, அதுக்கு மரம் தேவை குறைஞ்சுது. கொழும்பில அலைதடுப்புச் சுவர் கட்டி முடிக்க 1880களில கப்பல் எல்லாம் அங்க திரும்பிட்டுது. 1927ல எங்களுக்கு ரெயில் கோச்சி வந்தது, பேந்து லொறி வந்தது, மரம் கடல் பக்கம் பார்க்காம உள்நாட்டுப் பக்கம் போகத் தொடங்கிட்டுது. அதுக்குள்ள நல்ல மரத்தையெல்லாம் வெட்டியும் முடிச்சிட்டாங்க. 1990ல இயற்கைக் காடுகளில மரம் வெட்டுறதையே அரசாங்கம் தடை செய்தது. கங்கையும் அந்தக் கங்கை இல்ல, பொல்கொல்ல, கொத்மலை, விக்டோரியா, ரந்தெனிகல எண்டு 1976 தொடக்கம் பத்து வருசத்துக்குள்ள மறிச்சுக் கட்டினதுக்குப் பிறகு எப்ப தண்ணி வரும் எண்டு சுவிட்ச் போடுறவருக்குத் தான் தெரியும். இப்ப கங்கையால வாறது மணல், அதையும் ட்ராக்டர்லயும் டிப்பர்லயும் அள்ளுறாங்க, அதைப் பத்தி எழுதினா இந்தப் பக்கம் காணாது.

கேள்வி: நான் தச்சு வேலை செய்யிறன், அப்பாவும் தச்சர். எங்கட சவண்டலை மரம் முந்தி மெட்ராஸுக்குப் போனது எண்டு ஒருத்தர் சொன்னார். அங்க இல்லாத மரமா? எதுக்கு வாங்கினாங்க?
— ஒரு வாசகர், தம்பலகாமம்

பதில்: படகு கட்ட வாங்கினாங்க தம்பி. மெட்ராஸுக்கு அந்தக் காலத்தில துறைமுகம் எண்டு ஒண்டு இல்ல, வெறும் நீட்டுக் கரை, அதில சும்மா கிடந்து குமுறுற அலை. கப்பல் வெளியில நங்கூரம் போட்டு நிக்கும், ஆளும் சாமானும் அந்த அலையைத் தாண்டிக் கரைக்கு வரணும். அதுக்கு மசூலாப் படகு எண்டு ஒரு சாமான் வச்சிருந்தாங்க, பலகைக்குப் பலகை ஆணி அடிக்கிறதில்ல, தென்னங்கயித்தால தைக்கிறது. அலை தூக்கித் தரையில போட்டா ஆணி அடிச்ச வள்ளம் பிளந்திடும், தைச்சது நெளிஞ்சு குடுக்கும். அந்தப் படகுப் பலகைக்கு எங்கட சவண்டலை தான் பேர் போன மரம், ஏத்தின துறையின்ர பேரையே வச்சு இங்கிலீஷ்ல ட்ரிங்கோமலி வூட் எண்டு இப்பவும் மர வியாபாரிகள் சொல்லுவாங்க. சிங்கள ஆக்களுக்கு அது ஹல்மில்ல. சில ஊரில சமண்டலை எண்டும் சொல்றது.

உங்களுக்கு நான் மரம் பத்திச் சொல்லத் தேவையில்ல, ஆனா மத்த வாசகருக்காக: நேரான நார், வளையக்கூடியது, பீப்பா செய்யவும் வண்டில் செய்யவும் அது தான். கடல் புழு லேசில துளைக்காது, மரத்தில இருக்கிற எண்ணெய்த் தன்மை இரும்பையும் துருப்பிடிக்க விடாது எண்டு பழைய ஆக்களுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. கருங்காலியும் முதிரையும் போன இடம் வேற, அதுகள் ஐரோப்பாவில பணக்காரன் வீட்டு அலுமாரியாப் போனது. வேலை செஞ்ச மரம் சவண்டலை. எனக்குக் கேட்டா அதுக்குத் தான் மரியாதை குடுக்கணும். இப்ப ஒரு நல்ல சவண்டலைக் குத்தி மரக்காலையில பார்க்கிறதே பெரிய பாடு, நீங்களே சொல்லுங்க, கடைசியா எப்ப கையில எடுத்தனீங்க?

கேள்வி: இங்கிலாந்தில ட்ரிங்கோமலி எண்டு ஒரு பழைய போர்க்கப்பல் இருக்காமே, யூடியூப்ல பார்த்தன். அது எங்கட மரத்தில இங்க கட்டினது தானே? ஸ்கூல்ல சேர் இல்ல எண்டார், பந்தயம் பிடிச்சிருக்கிறன்.
— ஒரு மாணவன், திருகோணமலை ரவுண்

பதில்: பந்தயக் காசைக் குடுத்திடுங்க தம்பி, சேர் சொன்னது சரி. அந்தக் கப்பல் பம்பாயில வாடியா குடும்பத்தின்ர கப்பல் கட்டுற தளத்தில மலபார்த் தேக்கில கட்டி 1817 ஒக்டோபர்ல தண்ணியில இறக்கினது. நெப்போலியன் சண்டையோட இங்கிலாந்தில ஓக் மரம் தட்டுப்பாடு, அதனால தான் இந்தியாவில போய்க் கட்டினாங்க. எங்கட ஊர்ப் பேர் தான் அதுக்கு வச்சது, மரம் எங்கட இல்ல. தேக்கு இலங்கைக் காட்டு மரமும் இல்ல, ஒல்லாந்தர் காலத்தில கொண்டு வந்து நட்டது. கப்பல் இப்ப ஹார்ட்டில்பூல் எண்ட ஊரில தண்ணியில மிதந்தபடி நிக்குது, 200 வருசம் தாண்டிட்டுது. சேரிட்ட இதையும் சொல்லிப் பாருங்க, பாதிக் காசாவது திருப்பித் தருவார்.

கேள்வி: வாற ஆகஸ்ட் பிள்ளைகளோட ஊருக்கு வாறம். ஹோட்டல் வேணாம், கடற்கரையில டென்ட் போட்டு ரெண்டு இரவு இருக்கணும் எண்டு பெரியவளுக்கு ஆசை. இங்க நாங்க பார்க் எல்லாத்துலயும் புக் பண்ணிப் போவம், அங்க எப்படி? எந்த இடம் நல்லம்? எங்கயும் சும்மா போய்ப் போடலாமா?
— ஒரு வாசகி, ரொறன்ரோ

பதில்: வாங்க தங்கச்சி, ஆகஸ்ட் நல்ல காலம், சித்திரை கழிஞ்சு புரட்டாதி மட்டும் எங்கட கடல் அமைதியா இருக்கும், தண்ணியும் கண்ணாடி மாதிரித் தெளிவு. ஆனா "சும்மா போய்ப் போடலாமா" எண்டு கேட்டீங்களே, அதுக்குத் தான் கொஞ்சம் விரிவாச் சொல்லணும்.

வெளியில இருந்து வாற ஆக்களுக்கு எங்கட கரை வெறுமையா இருக்கிற மாதிரித் தெரியும். நீளத்துக்கு மணல், ஒரு வள்ளம், நாலு தென்னை, ஒரு நாய். ஆனா அந்தக் கரையில ஆளில்லாத துண்டு குறைவு. கரைவலை இழுக்கிற இடத்துக்குப் பாடு எண்டு பேர், எந்தப் பாடு எந்தச் சம்மாட்டிக்கு, அதாவது வலை முதலாளிக்கு, எண்டு பரம்பரை பரம்பரையா ஒரு கணக்கு இருக்கு. விடியக்காலமை வள்ளம் வலையை வளைச்சுப் போட்டிட்டு ரெண்டு கயித்தையும் கரைக்குக் கொண்டு வரும், ரெண்டு பக்கமும் ஆக்கள் நிண்டு இழுப்பாங்க, இப்ப கன இடத்தில ட்ராக்டர்ல விஞ்ச் பூட்டி இழுக்கிறாங்க. அந்தக் கயிறு வாற வழியில உங்கட டென்ட் நிண்டா விடிய நாலு மணிக்கு ஒரு ட்ராக்டர் வந்து ஹோர்ன் அடிக்கும், பிள்ளைகள் பயந்திடுங்கள், சம்மாட்டியும் பேசுவார், அவர் பேசுறதில பிழையும் இல்ல. ஒரு வளைப்புக்கு எத்தனை வீட்டு அடுப்பு காத்துக்கொண்டு இருக்கு.

அதனால முதல் நாள் பின்னேரமே போங்க. கரையில மீன்பிடிக்காரரின்ர வாடி, ஒரு கொட்டில், இருக்கும், அங்க இருக்கிற ஆக்களிட்ட "அண்ணே, நாளைக்கு இங்க வலை வளைக்கிறீங்களா, எந்தப் பக்கம் நாங்க போட்டா இடைஞ்சல் இல்ல" எண்டு கேட்டுப் பாருங்க. ஒரு டீ குடிக்கிற நேரத்தில நல்ல இடமும் காட்டுவாங்க, நல்ல தண்ணிக் கிணறும் காட்டுவாங்க, விடிய மீனும் கிடைக்கும். கேக்காமப் போட்டா அதே ஆக்கள் வேற மாதிரி.

இடம் எண்டா, நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் பிள்ளைகளுக்கு லேசு. கெஸ்ட் ஹவுஸ் வச்சிருக்கிற கன பேர் வளவுக்குள்ள டென்ட் போட விடுவாங்க, டொய்லெட், நல்ல தண்ணி இருக்கும், இரவில கேற்றும் பூட்டியிருக்கும், முதல் இரவுக்கு அது தான் என்ர சொல். மாபிள் பீச் விமானப்படைக்காரரின்ர பொறுப்பில இருக்கு, டிக்கட் எடுத்துப் போகணும், சின்னப் பிள்ளைகள் குளிக்க அலை இல்லாத நல்ல குடா, ஆனா அங்க இரவு தங்கிறதெண்டா அவங்கட நிபந்தனையை முதல்ல கேட்டிட்டுப் போங்க. புறாத்தீவில தங்கலாமா எண்டு உங்கட மகள் கட்டாயம் கேப்பாள்: ஏலாது. 2003ல இருந்து அது தேசிய பூங்கா, வனஜீவராசிகள் திணைக்களத்தின்ர டிக்கட்டோட பகல்ல போய் முருகைக்கல்லையும் (பவளப்பாறை) மீனையும் பார்த்திட்டு வரலாம், முருகைக்கல்லில கால் வைக்கக் கூடாது.

மூதூருக்கு அங்கால, சம்பூர், ஈச்சிலம்பற்று, வெருகல் பக்கம் கரை இன்னும் வடிவு, ஆளும் குறைவு. கிண்ணியாப் பாலம் 2009ல திறந்த பிறகு அந்தப் பக்கம் போறது சுகம், முந்தி துறைக்குத் துறை பாதை எண்ட மிதவையில ஏறி இறங்கணும், இல்லாட்டி ரவுணில இருந்து மூதூர் லோஞ்ச். ஆனா அங்க ஊர் ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு தான் போகணும். சண்டை நடந்த இடங்கள், பழக்கமில்லாத பற்றைக்குள்ள இறங்காதீங்க, மிதிவெடி எண்டு சிவப்புப் பலகை கண்டா அதுக்கு அங்கால ஒரு அடியும் வேணாம். யானையும் இருக்கு, பழம் சாப்பாடு ஒண்டையும் டென்டுக்குள்ள வச்சுப் படுக்காதீங்க.

இன்னொண்டு, இது தான் எனக்கு ஆகப் பயமான விசயம். ஆகஸ்ட்ல கச்சான் காத்து. அது தரையில இருந்து கடல் பக்கம் தள்ளுற காத்து. கடல் குளம் மாதிரி அசையாமக் கிடக்கும், பார்க்க ஒரு ஆபத்தும் தெரியாது, பிள்ளை காத்தடிச்ச ட்யூப்ல இல்லாட்டி அந்தப் பிளாஸ்டிக் அன்னத்தில ஏறி இருக்கும், நீங்க ஃபோனைப் பார்த்திட்டு நிமிர அது வெளியில போயிருக்கும், நீந்திப் பிடிக்க ஏலாது. ட்யூப் வேணுமெண்டா கயிறு கட்டி கயித்தின்ர நுனி ஒரு பெரிய ஆளின்ர கையில இருக்கணும். டென்டையும் குறுகின பக்கம் தரையைப் பார்க்கப் போடுங்க, மணல்ல டென்ட் முளை நிக்காது, பையில மணலை நிரப்பி கயிறைக் கட்டித் தாட்டு விடுங்க, அது அசையாது.

கேள்வி: நான் கரைவலைக்காரன். சனி ஞாயிறு வந்தா எங்கட கரைவலைப் பாட்டில டென்ட், பாட்டு, குடி. போத்தலை உடைச்சு மணலுக்குள்ள தாட்டிட்டுப் போறாங்க. எங்கட ஆக்கள் வெறுங்காலோட கயிறு இழுக்கிறவங்க. ரெண்டு பேருக்குக் கால் வெட்டி தையல். டூரிஸ்ட் வந்தா ஊருக்குக் காசு எண்டு எழுதுற நீங்க இதையும் எழுதுவீங்களா?
— ஒரு வாசகர், குச்சவெளிப் பக்கம்

பதில்: எழுதுறன் அண்ணே, உங்கட கேள்வியை ஒரு எழுத்தும் வெட்டாமப் போட்டிருக்கிறன். ரெண்டு பேருக்குத் தையல் போட்டதுக்கும் வேலை போன நாளுக்கும் எந்த டூரிஸ்ட் காசும் உங்கட கைக்கு வரேல்ல எண்டு எனக்கு விளங்குது. காசு வாறது ரோட்டுக்கு அங்கால இருக்கிற ரூமுக்கும் சாப்பாட்டுக் கடைக்கும் தான், மணலுக்கு இல்ல.

ஒரு சொல் மட்டும், கோவிக்காதீங்க. வாற பெடியளில பாதிப் பேருக்கு மேல பாடு எண்டா என்ன எண்டே தெரியாது, கண்டியில இருந்தும் கொழும்பில இருந்தும் வாற பெடியனுக்கு கடல் எண்டா குளிக்கிற இடம், அவனுக்கு எவரும் சொல்லியும் குடுக்கேல்ல. உங்கட சங்கத்தால ஒரு பலகை, தமிழிலயும் சிங்களத்திலயும், "இது கரைவலைப் பாடு, விடிய 4 மணிக்கு வலை இழுப்பம், போத்தல் வேணாம்" எண்டு நட்டு வச்சா அரைவாசிப் பிரச்சினை குறையும். மிச்ச அரைவாசிக்கு பிரதேச சபையும் பொலிசும் தான், அதை சங்கத்தின்ர லெட்டர் தலைப்பில எழுத்தில குடுங்க, வாயால சொன்னா காத்தோட போயிடும். பக்கத்தில ஒரு துண்டு வளவில டென்ட் போட விட்டுக் காசு எடுக்கலாமா எண்டும் சங்கத்தில கதைச்சுப் பாருங்க, வேற ஆள் வந்து அதைச் செய்ய முந்தி.

கேள்வி: கரையில ஒதுங்கிற மரக்கட்டையைப் போட்டு நெருப்பு மூட்டி மீன் சுடலாமா? அதுவும் இலவசம் தானே!
— ஒரு வாசகர், மட்டக்களப்பு

பதில்: குளிர் காய ஒரு சின்ன நெருப்பெண்டாப் பறவாயில்ல, சாப்பாடு சுட வேணாம். கடல்ல ஊறின மரம் முழுக்க உப்பு, எரிக்கேக்க அந்த உப்பால வாற புகை சுவாசத்துக்கும் நல்லமில்ல, மீனில படியவும் கூடாது. அதோட பெயின்ட் அடிச்ச வள்ளப் பலகை, தார் பூசின கட்டை, லொறியில இருந்து விழுந்த பெட்டிப் பலகை எல்லாம் அந்தக் குவியலுக்குள்ள இருக்கும், இரவில டோர்ச் அடிச்சு எது எது எண்டு பிரிக்கவா போறீங்க? ஊரில பொச்சும் சிரட்டையும் மலிஞ்சு கிடக்கு, ஒரு பையில கொண்டு போங்க. சிரட்டைத் தணலில சுட்ட சூடைக்கு வேற ஒண்டும் நிக்காது, அதுக்கு மேல தேசிக்காயும் உப்பும் போதும், மசாலா பூசி அநியாயப்படுத்தாதீங்க.

நெருப்பை அணைக்கிறது தான் கன பேருக்குத் தெரியேல்ல. மணலை மேல தள்ளி மூடிட்டுப் போறது. மூடினா தணல் அணையாது, உள்ளுக்குள்ள மணித்தியாலக் கணக்கில கனன்றுகொண்டே இருக்கும், மேல பார்த்தா சாதாரண மணல். மேல குச்சவெளி அண்ணன் சொன்ன வெறுங்கால் ஆக்கள் விடிய அதுக்கு மேல தான் மிதிப்பாங்க. கடல் பக்கத்தில தானே இருக்கு, வாளியால தண்ணியை அள்ளி ஊத்திக் கிளறி, பிறகும் ஊத்தி, கையை வச்சுப் பார்த்து குளிர்ந்திட்டா எழும்பி வாங்க. சவுக்கு மரத்துக்குக் கீழ மூட்டவே வேணாம், அந்தச் சருகு பெற்றோல் மாதிரி.

கேள்வி: டிசம்பர் லீவுக்கு டென்ட் கொண்டு வரலாமா?
— ஒரு வாசகி, கண்டி

பதில்: வேணாம் அக்கா. வாடை மழை. கார்த்திகை தொட்டுத் தை வரைக்கும் ரூம் எடுத்து இருங்க, கன்னியா வெந்நீர் ஊற்றில குளியுங்க, கோணேசர் கோயிலுக்குப் போங்க. அங்க கோட்டைக்குள்ள நிக்கிற மானுக்கு பொலித்தீன் பையோட ஒண்டும் குடுக்காதீங்க, தின்னுங்கள்.

கேள்வி: வெள்ளத்துக்குப் பிறகு எங்கட பக்கக் கரையில பெரிய குத்தி ஒண்டு ஒதுங்கியிருக்கு. முதிரை போல தெரியுது. எடுத்துக் கதவு நிலை செய்யலாமா?
— ஒரு வாசகர், கிண்ணியா

பதில்: எடுத்து லொறியில ஏத்தினீங்களோ அடுத்த சந்தியில பெர்மிட் எங்க எண்டு கேப்பாங்க, "கடல் தந்தது சேர்" எண்டா பொலிஸ்காரர் சிரிப்பார், ஆனா எழுதுவார். முதல்ல ஜீ.எஸ்.ஸுக்கு (கிராம சேவகருக்கு) சொல்லி வன இலாகா ஒஃபீஸுக்குப் போய்க் கேளுங்க. அவங்க விட்டாத்தான் வீட்டுக்கு. அது முதிரையா எண்டும் அங்கயே பார்த்துச் சொல்லுவாங்க, தண்ணியில ஊறின கட்டை எல்லாம் முதிரை மாதிரித் தான் தெரியும்.

கேள்வி: மூதூரில வெள்ளைக்காரன் மரம் எண்டு ஒரு இடம் இருக்காம். என்ன கதை? டென்ட் போட வாற பெடியளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டலாமா?
— ஒரு ஆசிரியை, வவுனியா

பதில்: கட்டாயம் காட்டலாம் டீச்சர், இந்த முறை கேள்விகள் எல்லாத்துக்கும் பொருத்தமான கதை அது. ஆன் எண்டு ஒரு இங்கிலீஷ் வியாபாரக் கப்பல், 1659 நவம்பர்ல மசூலிப்பட்டினத்துக் கரையில புயல்ல மாட்டி பாய்மரம் போச்சுது. புது மரம் போட எங்க போறது? கொட்டியாரத்துக்குத் தான் வந்தாங்க. அதைத் தான் மேல முதல் பதிலில சொன்னன், பாய்மரம் உடைஞ்ச கப்பல் தேடி வாற இடமா இருந்தது இந்தக் குடா. இங்க அப்ப கண்டி அரசன் ரெண்டாம் இராஜசிங்கனின்ர கை. அவர் கேக்காம வந்து இறங்கின ஆக்களைச் சும்மா விடுற ஆள் இல்ல, 1660ல கப்டனையும் ஆக்களையும் பிடிச்சுக் கண்டி நாட்டுக்குக் கொண்டு போயிட்டாங்க.

கப்டன் பேர் ரொபர்ட் நொக்ஸ். அவர் பிடிபட்ட அடுத்த வருசமே காய்ச்சலில செத்திட்டார். அவரோட பிடிபட்ட மகனுக்கும் ரொபர்ட் நொக்ஸ் எண்டு தான் பேர், அதனால கன பேர் ரெண்டு பேரையும் ஒரு ஆளாக்கிடுவாங்க, நீங்க பிள்ளைகளுக்குப் பிரிச்சுச் சொல்லுங்க. மகன் 19 வருசத்துக்கு மேல கண்டி நாட்டில இருந்து, சில்லறை வியாபாரம் செய்து, தொப்பி பின்னி வித்து, 1679ல காட்டு வழியா மன்னார்ப் பக்கம் அரிப்பில இருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பி வந்தவர். மூதூரில அவங்க பிடிபட்ட இடம் எண்டு ஒரு புளியமரத்தைச் சொல்லி 1893ல கல் ஒண்டு நட்டாங்க. பழைய மரம் இப்ப இல்ல. மரம் இருக்கும் எண்டு நினைச்சு பஸ் பிடிச்சு வந்து ஏமாறாதீங்க, ஆனா கங்கை விழுற இடம், குடா, அந்தப் பக்கம் துறைமுகம் மூண்டையும் ஒரே நாளில காட்டினா பிள்ளைகளுக்கு ஏன் இந்தக் கப்பல் இங்க வந்தது எண்டு நீங்க விளக்கவே தேவையில்ல.

கேள்வி: கொழும்பில இருந்து டென்டோட எப்படி வாறது? கார் இல்ல.
— ஒரு வாசகர், வெள்ளவத்தை

பதில்: இரவு மெயில் கோச்சி தான் நல்லம், கோட்டையில ஏறினா விடிய இங்க. சீற் முதலே புக் பண்ணுங்க. சமையல் காஸ் டின் கோச்சியில கொண்டு வர வேணாம், இங்க வந்து வாங்குங்க. ஸ்டேஷன்ல இருந்து நிலாவெளிக்கு பஸ் இருக்கு, த்ரீவீலர்காரர் முதல்ல சொல்ற விலை கேள்வி மட்டும் தான், பதில் நீங்க சொல்லணும்.

கேள்வி: கடல்ல குளிக்கேக்க சொறி (ஜெல்லிமீன்) பட்டிட்டா என்ன செய்யிறது? எங்கட வீட்டில மணலை எடுத்துத் தேய்க்கச் சொல்லுவாங்க.
— ஒரு வாசகி, சாம்பல்தீவு

பதில்: தேய்க்கவே கூடாது தங்கச்சி. ஒட்டியிருக்கிற நூல் மாதிரிச் சாமானுக்குள்ள இன்னும் வெடிக்காத நஞ்சுக் குமிழ் இருக்கும், மணலால தேய்ச்சாலும் நல்ல தண்ணியால கழுவினாலும் அதுகளும் வெடிக்கும். உடனே கரைக்கு வாங்க, வினாகிரி இருந்தா தாராளமா ஊத்துங்க, இல்லாட்டி கடல் தண்ணியாலயே கழுவி, கையில துணி சுத்திக்கொண்டு இல்லாட்டி ஒரு கார்ட்டால நூலை மெதுவா எடுங்க. பேந்து தாங்கக்கூடிய சூட்டில சுடுதண்ணி பிடிச்சா நோவு இறங்கும். மூச்சு இழுத்தா, நெஞ்சு இறுக்கினா, இல்லாட்டி பட்டது சின்னப் பிள்ளையெண்டா வினாகிரியோட நிண்டு மினைக்கெடாம 1990க்கு அடியுங்க, அம்புலன்ஸ் இலவசம். டென்ட் சாமானோட ஒரு அரைப் போத்தல் வினாகிரி வச்சுக்கொள்ளுங்க, மீனுக்கும் உதவும்.